சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத தீண்டாமை

சாதியின் பெயரால் கோயிலிலும் பாடசாலையிலும் தேநீர்க்கடையிலும் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் விதித்தது. பதினொரு ஆண்டுகள் கழிந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்றவர் யார்? கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கியவர். நம் வவுனியாத் தொகுதியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் சி. சுந்தரலிங்கம். கல்வி வளர்ந்தால் சாதிவெறி தானே அழியும் என்போர் இதனைச் சிந்திப்பாராக. அச்சட்டத்தின் கீழேயே அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. மக்கள் போராட்டம் இல்லாத சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆயினும் சட்டம் இல்லையேல் மறித்தவனை விட்டுப் போராடியவனே குற்றவாளியாவான்.

1971இல் தண்டனை கடுமையாக்கப்பட்டது. ஆனால் சட்டத்தின் பார்வை விரியவில்லை. அது இன்றும் சாதியொன்றையே அறியும். 1977இலும் 1983இலும் இனவெறிக்குத் தப்பி வந்த மலையக மக்கள் வன்னியில் காடு வெட்டிக் கழனி கண்டனர். அவர்களைத் 'தோட்டக்காட்டார்' என இழித்துரைக்கும் நா இன்னும் அடங்கவில்லை. பூர்வீகத்தைச் சொல்லி ஒருவருக்குக் கடையிலோ கோயிலிலோ இடம் மறுத்தால் இச்சட்டம் அதனைக் குற்றமெனக் கொள்ளாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றால் இத்தகைய தடை கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிரானது; அதற்கும் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கே செல்லவேண்டும். கூலி விவசாயிக்கு அது எட்டாக்கனி.

ஆகவே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாதியோடு இனம், மதம், பூர்வீகம் என்பனவும் சேர்க்கப்படல் வேண்டும் என்பது நம் கருத்து. இவற்றின் மீதான வெறுப்பால் செய்யப்படும் தாக்குதலுக்குத் தண்டனையும் மிகவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இன, மத வெறுப்பைத் தூண்டுதலைத் தடைசெய்யும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் ஏற்கெனவே உள்ளது. 2019இல் அதன் பேரால் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக நான்கு மாதத்துக்கு மேல் சிறையிருந்தார். எளியோரைக் காக்கவென்று செய்த வேலி எழுத்தாளனையே மேய்ந்தது. எனவே நாம் கோரும் சட்டம் செயலைத் தண்டிக்கட்டும்; சொல்லைத் தண்டிப்பதாயின் அது வன்முறைக்கு நேரே ஏவும் சொல்லாக மட்டும் இருக்கட்டும். அந்த எல்லையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். பொலிசாரின் விருப்புக்கு விடலாகாது.

பேரினவாதத்தின் வெறுப்புக்கு எதிராக நீதி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த நீதியை அயல் குடியிருப்பிலுள்ள மலையகத் தொழிலாளிக்கும் வழங்கச் சம்மதிப்போமாயின், நம் குரலுக்கு வலிமை பிறக்கும்.