உரசியும் உரசாமலும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த பழைய கார் ஒன்று, நாமக்கல் பக்கம் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில் பின்பக்கம் தூக்கி நின்றது. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தாயிற்று. ஹேண்ட் பிரேக்கை இறக்கியாயிற்று. மெக்கானிக் அண்ணன் பிரேக் டிரம்மைச் சுத்தியலால் அடிக்கவில்லை. அடித்து அவர் கழற்றி நான் பார்த்ததே இல்லை. நாள்பட்ட டிரம்மின் வாயோரம் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும், உள்ளே இருக்கும் பிரேக் ஷூ அதில் போய்ச் சிக்கும். வார்ப்பிரும்பு, ஓங்கி அடித்தால் விரிசல் விட்டுப்போகும். அதனால் முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூக்களை உள்ளே சுருங்க வைத்தார். டிரம் கையோடு வந்தது.

உள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள், மேலே வீல் சிலிண்டர், நாலைந்து ஸ்பிரிங்குகள். 1902இல் பிரான்சில் லூயி ரெனோ உருவாக்கிய அமைப்பின் வழிவந்தது இது. இதன் அழகு எனக்கு அலுத்ததே இல்லை. கதவுக்கு அடியில் ஆப்பு வைத்தால், கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு இறுகும் அல்லவா? அதே வேலைதான் இங்கும். பெடலை மிதித்ததும் முன்பக்க ஷூ டிரம்மைத் தொடுகிறது. சுழலும் டிரம் அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது. வண்டியின் வேகமே வண்டியை நிறுத்த ஒத்தாசைக்கு வருகிறது. பின்பக்க ஷூவை டிரம் தள்ளிவிடப் பார்க்கும். ரிவர்ஸ் எடுத்தால் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும்.

அண்ணன் கழற்றிய ஷூக்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முன்பக்க ஷூவின் லைனிங் ரிவெட் தலைவரை தேய்ந்திருந்தது. இன்னும் நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் ரிவெட் டிரம்மைக் கீறியிருக்கும், டிரம் லேத்துக்குப் போயிருக்கும். லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளத்தது. மலையிறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து வந்ததன் அடையாளம். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும்; பெடல் கீழே போகும். டிரம் பிரேக்கின் குறை அதுதான், மறுக்க மாட்டேன். ஆனால் டிரம் பழசாகிவிட்டது என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வோக்ஸ்வாகன் தன் ஐடி.4 மின்சாரக் காரின் பின்சக்கரங்களுக்கு டிரம்மைத்தான் வைத்தது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும் வண்டியில் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. சும்மா கிடக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும், மூடிய டிரம்முக்கு அந்தக் கவலை குறைவு.

தூசியை அவர் ஊதுவதில்லை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், ஈரத்துணிதான். சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். காய்ந்தே இருந்தது. காருக்குள் உட்கார்ந்திருந்த பையனிடம், "கண்ணு, பெடல மிதிச்சுப்போடாத. பிஸ்டன் வெளிய வந்துரும்" என்றார்.

புது ஷூவின் லைனிங்கில் சாக்பீஸ் தடவி, டிரம்முக்குள் வைத்து ஒரு தேய் தேய்த்தார். நடுவில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. இரு முனைகளையும் அரத்தால் லேசாகச் சரித்துவிட்டார், கீச்சிடாமல் இருக்க. ஷூ உட்கார்ந்து நகரும் தகட்டு மேடுகளில் விரல்நுனி கிரீஸ், அவ்வளவுதான். லைனிங்கில் அந்த விரல் படவே இல்லை. கீழ் ஸ்பிரிங்கை வெளியிலேயே மாட்டி, இரண்டு ஷூக்களையும் பட்டாம்பூச்சியின் சிறகுபோல மடித்து உள்ளே கொண்டுபோய் விரித்தார். பிடிப்பு ஆணியின் தொப்பியை அழுத்தி, கால் திருப்பு. மேல் ஸ்பிரிங் குறடில் இழுபட்டு, 'டக்'கென்று தன் ஓட்டையில் விழுந்தது. அந்த ஒரு சத்தத்துக்காகவே நான் பட்டறையில் நிற்கிறேன்.

இடது சக்கரத்தை அவர் இன்னும் பிரிக்கவில்லை. எந்த ஸ்பிரிங் எங்கே என்று சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க மாதிரி வேண்டும் என்பார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

டிரம்மை மாட்டி, பெடலை நாலு முறை மிதிக்கச் சொல்லி ஷூக்களை நடுவில் உட்கார வைத்தார். பையன் இறங்கிவந்து சக்கரத்தைச் சுழற்றினான். அண்ணன் பின்தகட்டின் துவாரத்தில் திருப்புளியை விட்டு அட்ஜஸ்டரை ஒரு பல் தள்ளினார். இன்னொரு பல். சக்கரம் இறுகி நின்றது. இரண்டு பல் பின்னுக்கு. மறுபடி சுழற்றச் சொல்லி, கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். உலர்ந்த வாழைச்சருகு தரையில் இழுபடுவதுபோல மிக மெல்லிய உரசல். பக்கத்து லேத்தின் இரைச்சலில் அது எனக்குக் கேட்பதற்குள் அவர் திருப்புளியைத் துடைத்துக்கொண்டு இடது பக்கம் போய்விட்டார்.