நியூக்ளியோசைடு தொகுப்பில் ஃபோர்ப்ருகென் முறை

சர்க்கரையின் முதல் கார்பனும் பல்லினவளையக் காரம் ஒன்றின் நைட்ரஜனும் பிணைந்தால் நியூக்ளியோசைடு உண்டாகிறது. அமைக்க வேண்டிய பிணைப்பு ஒன்றுதான். அது சர்க்கரையின் எந்தப் பக்கத்தில், காரத்தின் எந்த நைட்ரஜனில் அமைகிறது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. எமில் ஃபிஷரும் ஹெல்ஃபெரிஷும் 1914-இல் பியூரின்களின் வெள்ளி உப்பை ஹாலோசர்க்கரையுடன் வினைப்படுத்தினர். பிற்பாடு பாதரச உப்புகள் வந்தன. அவற்றின் எச்சத்தை விளைபொருளிலிருந்து அகற்றுவது பெரும்பாடு.

பெர்லினின் ஷெரிங் நிறுவனத்தில் ஃபோர்ப்ருகெனும் நீட்பல்லாவும் 1970-இல் வெளியிட்ட முறை இரண்டையும் ஒதுக்கியது. காரத்தைச் சிலைலேற்றினால் அது கரிமக் கரைப்பானில் கரைகிறது. ஹாலோசர்க்கரைக்குப் பதில், பென்சாயில் காப்பிட்ட ரைபோஸ் அசிட்டேட் போதும். அது கெடாமல் இருப்பு வைக்கத்தக்க படிகம். ஸ்டானிக் குளோரைடு அசிட்டேட்டை விலக்கியதும் உருவாகும் நேர்மின் அயனியை, இரண்டாம் கார்பனிலுள்ள பென்சாயில் தொகுதி கீழ்ப்பக்கமாக வளைந்து பிடித்துக்கொள்கிறது. கீழ்வழி அடைபட்டதால் காரம் மேற்பக்கமாகவே சேர்கிறது. பெரும்பாலும் பீட்டா அனோமரே கிடைக்கிறது.

இம்முறையின் பெருமை உண்மையில் அந்த ஒரு பென்சாயில் தொகுதிக்கே உரியது. டிஆக்சிரைபோஸில் அந்த இடத்தில் ஹைட்ராக்சிலே இல்லை. அதனால் ஆல்ஃபா, பீட்டா இரண்டும் கலந்து வருகின்றன. அதே இடத்தில் இரு ஃபுளூரின்கள் உள்ள புற்றுநோய் மருந்து ஜெம்சிட்டபினின் தொகுப்பிலும் இதே தொல்லை. பக்கம் சரியானாலும் நைட்ரஜன் தவறலாம்: குவானினில் ஏழாம் இடமும் ஒன்பதாம் இடமும் போட்டியிடுகின்றன. ஆறாம் இடத்து ஆக்சிஜனைப் பருமனான தொகுதியால் மறைத்தால் ஒன்பதாம் இடம் வெல்லும். விலை, கூடுதல் படிகள்.

ஸ்டானிக் குளோரைடு வினைமுடிவில் பால்மம் உண்டாக்கிப் பிரித்தெடுப்பைக் கெடுத்தது. பின்னர் வந்த டிரைமெத்தில்சிலைல் டிரைஃபிளேட் அதைத் தீர்த்தது. தீராதது காப்புத் தொகுதிகளின் வீண்செலவு. சர்க்கரையில் மூன்று பென்சாயில் ஏற்றி, இறுதியில் மூன்றையும் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒன்றுகூட விளைபொருளில் மிஞ்சாது.

நொதிகளுக்கு இந்தக் காப்பு தேவையில்லை. எச்.ஐ.வி. மருந்தான இஸ்லாட்ரவிரை மெர்க் வேதியியலாளர்கள் நொதித் தொடர்வினையால் தயாரித்து 2019-இல் வெளியிட்டனர். ஆனால் இயற்கையில் இல்லாத காரங்களைப் பல நொதிகள் ஏற்பதில்லை. ஏற்கும்படி நொதியைத் திருத்த நெடுங்காலம் பிடிக்கும். ஆகவே ரைபோஸுடன் புதுக் காரம் ஒன்றைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு ஃபோர்ப்ருகென் முறையே இன்றும் முதல் தேர்வு. டிஆக்சி வரிசைக்கு அது கடைசித் தேர்வாக இருப்பதே நல்லது.