பெயர் சொன்னால் போதுமா? மேக் முகவரிக் கட்டுப்பாடு குறித்து ஒரு மதிப்பீடு

அலுவலகத்திலோ கல்லூரியிலோ நெட்வொர்க்கைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் எளிதில் நாடுகிற வழி, மேக் முகவரிப் பட்டியல். ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் தயாரிப்பாளர் கொடுத்தனுப்பும் 48 பிட் எண் அது. நமக்குத் தெரிந்த எண்களை, யாரை இணைய விடுவது என்று முடிவெடுக்கும் ரேடியஸ் சர்வரில் எழுதிவைத்து, மற்றவற்றை மறுத்துவிடலாம். செலவு குறைவு, ஒரே நாளில் அமைத்துவிடலாம். ஆனால் இந்தப் பட்டியல் உண்மையில் எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதாக நாம் நம்பிக்கொள்கிறோம் என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

முதலில் அதன் பலம். பிரிண்டர், சிசிடிவி கேமரா, வருகைப்பதிவுக் கருவி போன்றவற்றில் பலவற்றுக்கு 802.1எக்ஸ் முறையில் தம்மை நிரூபிக்கத் தெரியாது. அவற்றுக்காக சுவிட்ச், கருவியின் மேக் முகவரியையே பயனர் பெயராகவும் பாஸ்வேர்டாகவும் வைத்து சர்வரிடம் அனுமதி கேட்கும். ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டிலும் தனித்தனிப் பட்டியல் வைத்து அல்லாடுவதைவிட இது பல மடங்கு மேல். சர்வர் அனுமதி தருவதோடு, கருவி எந்த விலானில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதியில்) சேர வேண்டும் என்றும் சொல்லும். எது, எப்போது, எங்கே இணைந்தது என்ற பதிவும் மிஞ்சும். இந்த நன்மைகளை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சிக்கல், இதையே பூட்டாகக் கருதும்போது தொடங்குகிறது. வைஃபையில் குறியாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கும். அனுப்புவது யார், பெறுவது யார் என்ற மேக் முகவரிகளை மறைக்காது. புதிய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 வந்த பிறகும் நிலைமை அதுவே. அருகில் உட்கார்ந்து கேட்பவருக்கு அனுமதி பெற்ற எண்கள் தாமாகவே கிடைத்துவிடும். கம்பிவழி இணைப்பில் வேலை இன்னும் சுலபம்: பல கேமராக்களின் ஒட்டுத்தாளிலேயே எண் அச்சாகியிருக்கும். அதைத் தன் மடிக்கணினிக்குச் சூட்டிக்கொள்ள லினக்ஸில் ஓரிரு கட்டளைகள் போதும்.

எம்.ஐ.டி.யில் நடந்தது இதற்குச் சான்று. 2010 செப்டம்பரில், ஜேஸ்டோர் ஆய்விதழ்க் காப்பகத்தின் கட்டுரைகளை மொத்தமாக இறக்கிய ஒரு மடிக்கணினியை அந்த நிறுவனம் மேக் முகவரியை வைத்துத் தடுத்தது. அதை இயக்கியதாக ஆரன் ஸ்வார்ட்ஸ் மீது 2011இல் தாக்கலான குற்றப்பத்திரிகையின்படி, சில நாட்களிலேயே அதே கணினி, முகவரியின் கடைசி எழுத்து மட்டும் மாறி, மறுபடியும் இணைந்தது. அது தடைப்பட்டியல் என்பதையும் சொல்லியாக வேண்டும். அனுமதிப் பட்டியலைத் தாண்ட ஏதோ ஒரு புதிய எண் போதாது, பட்டியலில் உள்ள எண்ணே வேண்டும். ஆனால் அந்த எண் யாரும் கேட்கும்படி காற்றில் போய்க்கொண்டிருப்பதால், இரண்டுக்கும் இடையிலான தூரம் அதிகமில்லை.

சர்வர் பக்கத்திலும் பலவீனங்கள் உண்டு. ரேடியஸ் சர்வர் கருவியை நேரில் காண்பதில்லை. சுவிட்சோ ஆக்சஸ் பாயின்டோ எழுதியனுப்பும் எண்ணைத்தான் நம்புகிறது. ஒரு தயாரிப்பு அதை இடைக்கோடிட்டு எழுதும், இன்னொன்று முக்காற்புள்ளியிட்டு, மற்றொன்று நான்கு நான்கு எழுத்தாகப் புள்ளி வைத்து எழுதும். ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் உரிமையுள்ள கருவியே வெளியே நிற்கும். ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் சர்வர் மென்பொருளில் இதைச் சீராக்கும் விதி தயாராகவே இருக்கிறது. அதை இயக்கிவிட்டுத்தான் பட்டியலைத் தொட வேண்டும். 2024இல் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் தாக்குதல் இன்னொன்றைக் காட்டியது. சுவிட்சுக்கும் சர்வருக்கும் நடுவில் புகுந்தவர், எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையின் பலவீனத்தைக் கொண்டு மறுப்பை அனுமதியாக மாற்ற முடியும். 802.1எக்ஸ் பயன்படுத்தும் ஈஏபி வழியே நடக்கும் சோதனை இதிலிருந்து தப்பியது. ஈஏபி இல்லாத வெறும் மேக் சோதனை, கூடுதல் செய்திச் சான்று கட்டாயமாக்கப்படாத இடங்களில், சிக்கிக்கொண்டது.

அடுத்து, அந்த எண்ணே இப்போது நிலையாக இருப்பதில்லை. 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 தொடங்கி, போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் புனைந்த எண்ணையே இயல்பாகக் காட்டுகின்றன. கடைகளிலும் பொது இடங்களிலும் மனிதர்கள் பின்தொடரப்படுவதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. பலவீனமான ஒரு தடுப்புக்காக அதை அணைக்கும்படி மாணவர்களையும் ஊழியர்களையும் கேட்பது நியாயமான பேரம் ஆகாது. எதிர்த்திசையிலும் குழப்பம் உண்டு: யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், சர்வருக்கு அத்தனை மடிக்கணினிகளும் ஒன்றாகவே தெரியும்.

பாஸ்வேர்டோடு சேர்த்து மேக் முகவரியையும் சோதித்தால் என்ன என்பது வலுவான வாதம். பாஸ்வேர்டை நண்பர்களுக்குக் கொடுக்கும் பழக்கத்தை அது உண்மையிலேயே குறைக்கும். ஆனால் முனைந்து வருபவரை நிறுத்தாது. ஒவ்வொரு புது போனுக்கும் பட்டியலைத் திருத்தும் சுமையோ குறைவதே இல்லை.

ஆகவே என் முடிவு இது. தன்னை நிரூபிக்கத் தெரியாத கருவிகளுக்கு மட்டும் மேக் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். அவற்றைத் தனி விலானில் அடைத்து, கேமரா தன் ரெக்கார்டரோடு மட்டும் பேசும்படி கட்டுப்படுத்த வேண்டும். இந்த எண்களை மனிதர்களின் கணக்குகளோடு ஒரே இடத்தில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால், அந்த எண்ணையே பெயராகவும் பாஸ்வேர்டாகவும் கொடுத்து விபிஎன்னுக்குள்ளும் ஒருவர் நுழையக்கூடும். மடிக்கணினிக்கும் போனுக்கும் சான்றிதழ் வழியிலான ஈஏபி-டிஎல்எஸ் தான் தகுதியான முறை. அதன் ரகசியச் சாவி கருவியை விட்டு வெளியேறுவதில்லை. சான்றிதழ் வழங்குவதும் புதுப்பிப்பதும் ரத்து செய்வதும் பெரிய வேலைதான். ஆனால் அந்த உழைப்புக்கு ஈடாக உண்மையான பாதுகாப்பு கிடைக்கிறது.

பட்டியலில் ஓர் எண்ணைச் சேர்க்குமுன் ஒரே கேள்வி போதும்: இந்த எண்ணை ஒருவர் நகலெடுத்தால் எதுவரை போக முடியும்? பிரிண்டர் வரை என்றால் பட்டியல் போதும். சம்பளப் பதிவேடு வரை, மதிப்பெண் தரவு வரை என்றால், அங்கே பட்டியலை நம்பியிருப்பது பொறுப்பின்மை.