களரியில் காலக்கணக்கு

படவேட்டில் ரேணுகாம்பாளுக்கு ஆடி முதல் வெள்ளியில் தொடங்கி ஏழு வெள்ளி விழா. அது நாள்காட்டியைப் பார்த்துப் போட்ட கணக்கு, யாருக்கும் குழப்பமில்லை. அதே ஜவ்வாது மலையடிவாரத்திலும், கிழக்கே போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரத்திலும் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழாவின் கணக்கு அப்படியல்ல. அங்கே ஊர்க் காலம் ஒன்று ஓடுகிறது, கதைக் காலம் ஒன்று ஓடுகிறது. பாண்டவர்க்கு வனவாசம் 12 ஆண்டு, அஞ்ஞாதவாசம் ஓராண்டு, போர் 18 நாள். ஊருக்குக் கிடைப்பதோ காப்புக் கட்டியதிலிருந்து பதினைந்து, இருபது நாள். அதில் கூத்துக்குப் பத்து இரவு கிடைத்தாலே அதிகம். இரண்டு காலத்தையும் இழுத்துப் பிடித்து, கடைசி நாள் காலையில் படுகளத்தில் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அடவையும் முகவீணையையும் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்தக் கணக்கை யார் எப்படிப் போடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு கூத்துப் பாணியை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

பாரதம் நடக்கும் ஊரில் கதை மூன்று தடத்தில் நகர்கிறது. பிற்பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தை வைத்துக்கொண்டு கதை சொல்கிறார். இரவில் ஜமா, அதாவது கூத்துக்குழு, அந்தக் கதையை ஆடுகிறது. கோயில் சடங்கு மூன்றாவது தடம். பிரசங்கியார் ஒரு நாள் பின்தங்கினால் இரவில் ஜமாவுக்குச் சிக்கல். ஜமா முந்தினால் சடங்குக்குச் சிக்கல். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகளில் இந்தப் பிணைப்பை விரிவாகவே எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பெரியவர்களுக்கோ அதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. துகில் எந்த ராத்திரி, தபசு எந்தப் பகல் என்று விழா தொடங்கும் முன்பே நோட்டீசில் அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள்.

எல்லா ஆண்டுகளையும் ஒரே அளவில் சுருக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வனவாசத்தின் பெரும்பகுதி கட்டியங்காரனின் ஒரு வசனத்தில் கழிந்துவிடும். நடிகர் பின்பாட்டுக்குக் களரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் காடு மாறிவிடும், பருவமும் மாறிவிடும். ஆனால் அர்ச்சுனன் தபசுக்கு வரும்போது நடை மாறுகிறது. பனைமரத்தில் குறுக்குச் சட்டம் அடித்துத் தபசு மரம் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் கீழே நின்று பாடி, ஒரு படி ஏறி, மறுபடி பாடி, அடுத்த படி ஏறுகிறார். கீழே குழந்தை வரம் வேண்டிய பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருக்கிறார்கள். உச்சிக்குப் போனபின் எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் மேலிருந்து விழும்வரை யாரும் அசைவதில்லை. இங்கே சுருக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தவம் நீண்டது என்று வாயால் சொல்வதில்லை, நீள விடுகிறார்கள்.

இன்னொரு கணக்குத் திரௌபதியின் கூந்தல். துகில் இரவில் அவிழ்ந்தது படுகளத்தில்தான் முடிகிறது. நடுவில் எந்த இரவு வந்து உட்கார்ந்தவனுக்கும், விரித்த கூந்தலைப் பார்த்தாலே கதை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பாரதக் கதைக்குள்ளேயே காலத் தகராறு இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மாடுபிடி சண்டையில் அர்ச்சுனன் வெளிப்பட்டதும், கெடு முடியவில்லை, திரும்பக் காட்டுக்குப் போகட்டும் என்கிறான் துரியோதனன். வியாச பாரதத்தில் பீஷ்மர் கணக்குப் பார்த்துச் சொல்கிறார்: ஐந்தாண்டுக்கு இரண்டு மாதம் மிகுதி, 13 ஆண்டுக்கு 5 மாதமும் 12 இரவும் கூடுதலாகவே கழிந்துவிட்டன. கிருஷ்ணன் வழி வேறு. களப்பலிக்குச் சகாதேவன் குறித்துக் கொடுத்த அமாவாசை துரியோதனனுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று முதல் நாளே தர்ப்பணம் செய்ய உட்கார்ந்துவிடுகிறான். இதென்ன என்று கேட்க சூரியனும் சந்திரனும் சேர்ந்து வர, அவர்கள் சேர்ந்ததே அமாவாசை ஆகிவிடுகிறது. ஜெயத்ரதன் வதத்தில் சக்கரத்தால் சூரியனை மறைத்தவனும் அவன்தான். பீஷ்மர் கணக்கைக் காப்பாற்றுகிறவர், கிருஷ்ணன் கணக்கை வளைக்கிறவன். ஒவ்வொரு கூத்து வாத்தியாருக்குள்ளும் இந்த இருவரும் உண்டு.

இதே காலக்கணக்குப் பஞ்சாயத்து கடல் கடந்தும் நடந்திருக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஒரு விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்க, ஒருவர் கதையை நடத்துவார். பகடை உருட்டி முடிவு காண்பார்கள். சூதாடி நாடிழந்தவர் கதையை ஆடும் நமக்குப் பகடை புதிதல்ல. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1979-இல் எழுதிய நடத்துநர் கையேட்டில், கண்டிப்பான காலக் கணக்கு இல்லாமல் பொருளுள்ள தொடர் ஆட்டம் நடக்காது என்று பெரிய எழுத்திலேயே அடித்துச் சொன்னார். அவர் கணக்கில் சண்டைச் சுற்று ஒரு நிமிடம், குகைக்குள் ‘டர்ன்’ என்ற ஒரு முறை பத்து நிமிடம். ஆறு முறை போனால் தீப்பந்தம் அணைந்துவிடும். ஆட்டம் இல்லாத நாளிலும், வெளியே ஒரு நாள் போனால் கதையிலும் ஒரு நாள் போக வேண்டும். இது பீஷ்மர் கட்சி. 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய ‘பெண்ட்ராகன்’, ஆர்தர் மன்னன் கதையை ஆண்டுக்கு ஒரு சாகசம் என்று நடத்தியது. சாகசம் முடிந்தால் பனிக்காலம். வயது கூடும், பிள்ளை பிறக்கும், அறுவடை தெரியும். 2017-இல் வந்த ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ மணியையே கைவிட்டது. ஒரு வட்டத்தை நாலாகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாகக் கறுப்படிக்கிறார்கள். நம் கூந்தல் கணக்குக்கு இதுதான் கிட்டத்து உறவு.

மீண்டும் நம் பாணிகளுக்கு வருவோம். திருவிழாக் கூத்துக்கு வெளியே, இறந்தவர் கருமாதிக்காக ஆடும் ‘கர்ண மோட்சம்’ உண்டு. அங்கே கதைக் காலம் ஒரு மாலையும் ஒரு சாவும்தான். ஆனால் இரவு முழுக்க ஆடுகிறார்கள். வீட்டாரும் விடிய விடிய விழித்திருக்க வேண்டும் என்பதால் அந்த நீளம் நியாயமே. கேரளக் கூடியாட்டம் இதற்கும் மேல்: மந்திராங்கம் மரபுப்படி 41 நாள், ஒரே அங்கத்தைப் பிரித்துப் பிரித்து ஆடுகிறார்கள். இதற்கு நேர் எதிர், இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்தது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து, ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) என்று விடியும்வரை ஆடியதை மாலை நேரத்துக்குள் அடக்கினார். அவர் தேர்ந்து சுருக்கினார், வெறுமனே வெட்டவில்லை. அதனால் அது நின்றது. இங்கே புரிசைத் தம்பிரான் பரம்பரையும், காஞ்சிபுரம் அருகே பெ. ராஜகோபாலின் கட்டைக்கூத்துக் குருகுலமும் நகர மேடைக்குக் குறுங்கூத்தும் கொடுத்தார்கள், களரியில் முழு இரவும் ஆடினார்கள். இரண்டும் தெரிந்தவர்கள் சுருக்கினால் குற்றமில்லை. முழு இரவு ஆடத் தெரியாதவர்கள் ஒன்றரை மணி நேரக் கூத்து என்று வரும்போதுதான் வயிற்றெரிச்சல்.

தர அளவை என்று கேட்டால் எனக்கு ஒன்றே ஒன்றுதான். போரைச் சுருக்கலாம், சபதத்தைச் சுருக்கக் கூடாது. விராட நகரத்து வேடிக்கைகளை ஒரு விருத்தத்தில் தாண்டலாம். கெடு வைத்த இடத்தில் கெடுவின் கனம் பார்ப்பவன் உடம்பில் ஏற வேண்டும். பதினெட்டாம் போர் ஆடி ஓய்ந்த ஜமா, கண் எரிச்சலோடு வெளிச்சத்தில் இறங்கி, மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன்மேல் ஏறி நின்று அடிக்கிறதே, அந்த நேரத்தில்தான் கதைப் பொழுதும் ஊர்ப் பொழுதும் ஒன்றாகின்றன. தொடை பிளந்து, செந்நீர் தொட்டு, கூந்தல் முடிந்தபின் மாலையில் தீமிதி. இதை மின்விளக்கு போட்டு முதல் நாள் இரவே முடித்துவிடலாம் என்று சில ஊர்களில் யோசனை சொல்கிறார்கள். கூடாது.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. அரசு சில நாள்களுக்கு நள்ளிரவுவரை விலக்கு அளிக்கலாம். 2010-இல் திருத்தியபின் திறந்தவெளியில் இசைக்கருவியும் அந்த விதிக்குள் வருகிறது, அதனால் மத்தளத்துக்கும் சேர்த்தே அனுமதி கேளுங்கள். மைக் வருவதற்கு முன்பும் இந்தக் கூத்து ஊர்க் கோடிவரை கேட்டது. அனுமதி கேட்கப் போகும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள். நேரமானால் மைக்கை அணையுங்கள். ஜமாவை எழுப்பி அனுப்பிவிடாதீர்கள்.