சூடிக் கொடுத்தல்: நிலைத்த கொடை பற்றிய ஓர் ஆய்வு

புறநானூறும் பதிற்றுப்பத்தும் ஆற்றுப்படை நூல்களும் கொடையைப் பலபடப் பாடுகின்றன. யானையும் பொன்னும் ஊரும் அவற்றில் அளவின்றிக் கைமாறுகின்றன. ஆயினும் அவற்றைக் கற்றார் நெஞ்சில் நீங்காது நிற்பன ஒரு நெல்லிக்கனியும், ஒரு போர்வையும், ஒரு தேரும், ஒரு வாளுமே ஆகும். பெருந்தொகை மறக்கப்பட, ஒற்றைப் பொருள் நினைக்கப்படுவது ஏன்? இவ்வினாவுக்கு வள்ளல்களின் பெருமையைக் கூறி அமைவது விடையாகாது. வள்ளல்கள் பெருந்தொகையும் கொடுத்தனர் அன்றோ? விடையை நெருங்குதற்குத் திருவில்லிபுத்தூர் மாலை ஒன்று வழிகாட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. எண்ணிய கொடையும் எண்ணாக் கொடையும்

பதிற்றுப்பத்தின் ஏழாம் பதிகம், செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலருக்கு நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றேறி நின்று தன் கண்ணிற் கண்ட நாடெல்லாமும் கொடுத்ததாகக் கூறுகிறது. ஆறாம் பதிகம், காக்கைபாடினியார் நச்செள்ளையார்க்கு அணிகலனுக்கென ஒன்பது துலாம் பொன்னும் நூறாயிரம் காணமும் வழங்கப்பட்டமையைக் குறிக்கிறது. இவை பெருங்கொடைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை பாட்டின் உள்ளே இடம்பெறாமல், பின்னர்ச் சேர்க்கப்பட்ட பதிகத்தில் கணக்காக நிற்கின்றன. கணக்கு ஏட்டில் இருக்கும். நெஞ்சில் இருத்தல் அரிது.

அதியமான் ஔவையார்க்கு ஈந்த நெல்லிக்கனி அவ்வாறன்று. அது புறநானூற்றின் 91ஆம் பாட்டிற்கே உயிராக நிற்பது. பேகன் மயிலுக்கு ஈந்த போர்வையை 141ஆம் பாட்டிற் பரணர் பாடுகிறார். மயில் அதனை உடுத்தாது, போர்த்தாது என்பதைப் பேகன் அறிந்தே கொடுத்தான் என்று புலவரே கூறிவிடுகிறார். எனவே பெறுவோர்க்கு உண்டாகும் பயன் கொண்டு இக்கொடையை அளத்தல் இயலாது. குமணன் பெருந்தலைச் சாத்தனார்க்குத் தன் தலையைக் கொள்ளுமாறு வாளை நீட்டினான் (புறம் 165). பாரி முல்லைக்குத் தேரை நல்கினான்.

இந்நான்கிற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கனி அதியமான் தானே உண்டிருக்கக்கூடியது, போர்வை பேகனுடையது, தேர் பாரி ஊர்ந்தது, வாளோ கொடுப்பவன் தலைக்கே உரியதாயிற்று. இவை கருவூலத்திலிருந்து எடுத்து வழங்கப்பட்டவை அல்ல. கொடுப்பவன் உடம்பையும் வாழ்வையும் ஒட்டியிருந்து, அவற்றிலிருந்து பிரித்து அளிக்கப்பட்டவை. கருவூலப் பொருள் கைமாறியதும் பெற்றவர்க்கே முழுதும் உரியதாகிவிடும். உடம்பை ஒட்டிய பொருளோ கைமாறிய பின்னும் கொடுத்தவனைச் சுமந்தே நிற்கும். அதனை நினைப்பவர் அவனை நினையாதிருத்தல் இயலாது.

2. தந்தையின் பாட்டும் மகளின் பாட்டும்

இவ்வியல்பின் எல்லையைத் திருவில்லிபுத்தூரிற் காண்கிறோம். வடபெருங்கோயிலுடையானுக்குப் பெரியாழ்வார் தொடுத்து வைத்த மாலையை மகள் தான் சூடி அழகு பார்த்துப் பின் கூடையில் வைத்தாள். இதனை அறிந்த தந்தை வருந்தி வேறு மாலை சாத்தினார். இறைவன் கனவில் தோன்றி அவள் சூடியதே வேண்டும் என்றான். இது குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு. ஆண்டாளின் திருப்பாவை 30 பாட்டிலும் நாச்சியார் திருமொழி 143 பாட்டிலும் இந்நிகழ்ச்சி இல்லை. 'சூடிக் கொடுத்த' என்னும் அடைமொழி உய்யக்கொண்டார் அருளிய தனியனில் இடம்பெறுகிறது. வரலாற்றையும் பாட்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுதல் ஆராய்ச்சியாளர்க்கு ஏற்றதன்று. எனினும், வரலாறு பாட்டினின்றும் வேறுபட்ட வெறுங்கதையா என்பது ஆராய்தற்குரியது.

பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டில் ஒன்பதாம் பாட்டு, தொண்டர் இயல்பைக் கூறுவது. இறைவன் உடுத்துக் களைந்த ஆடையை உடுத்தல், அவன் கலத்தில் எஞ்சியதை உண்டல், அவன் சூடிக் களைந்த துழாயைச் சூடுதல் ஆகியவை அங்கே அடியார்க்குரிய பேறுகளாகச் சொல்லப்படுகின்றன. அணிந்து களைந்த பொருளுக்கு இழுக்கில்லை. அதுவே உயர்ந்தது என்னும் நெறி தந்தையின் பாட்டிலேயே உள்ளது. ஆனால் அஃது ஒருவழிப் பாதை. பொருள் மேலிருந்து கீழே வரும்.

மகளின் பாட்டும் இந்நெறியிலேயே தொடங்குகிறது. நாச்சியார் திருமொழியின் பதின்மூன்றாம் திருமொழியில் அவள் வேண்டுவன யாவை? அவன் அரையில் உடுத்த பொன்னாடையால் வீசுதல். அவன் துழாயைக் கூந்தலிற் சூட்டுதல். அவன் மார்பில் அணிந்த வனமாலையைத் தன் மார்பிற் புரட்டுதல். அவன் ஊதும் குழலின் ஈரத்தை முகத்தில் தடவுதல். அவன் அடிபட்ட மண்ணைப் பூசுதல். புதிய ஆடையோ புதிய மாலையோ அவள் கேட்கவில்லை. ஏழாம் திருமொழியிற் சங்கினை விளித்து அவன் வாயின் சுவையையும் மணத்தையும் வினவுவதும் இக்கருத்தினதே. பொருளின் மதிப்பு அதிற் படிந்த உடம்பின் மணத்திலே உள்ளது என்பது ஆண்டாள் பாட்டின் அடிநிலைக் கொள்கை எனலாம்.

இங்ஙனம் நோக்கின், குருபரம்பரை கூறும் நிகழ்ச்சி பாட்டின் கண்ணாடி நிழலாக அமைதல் புலனாகும். பாட்டில் அவள் அவன் அணிந்ததைக் கேட்கிறாள். வரலாற்றில் அவன் அவள் அணிந்ததைக் கேட்கிறான். தந்தை பாடிய ஒருவழிப் பாதையை மகள் இருவழி ஆக்கினாள். அம்மாலையைக் கண்டு வருந்தியவர் திருப்பல்லாண்டு பாடியவரே என்பது இவ்வரலாற்றின் நுட்பம். களைந்த பொருளின் உயர்வை அறிந்த அவரும், அவ்வுயர்வு தம் மகளுக்கும் உண்டு என்பதைக் கனவிற் கேட்டே அறியவேண்டியதாயிற்று.

'கொடு' என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள், 'கொடு' என்பது உயர்ந்தோன் கேட்கும் சொல் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் எச்சவியல் வகுக்கும். கனவிற் கேட்டவன் உயர்ந்தோன் ஆதலின் 'சூடிக் கொடுத்தாள்' என்பது பொருந்துகிறது. கொடைச் சொல் படர்க்கைக்கு உரியது என்னும் கிளவியாக்க விதியும் இங்கு இயைவதால் இதனை மிகுத்துரைத்தல் வேண்டா. எனினும், கொடுத்தற்கு முன் 'சூடி' என்னும் எச்சம் நின்று, அவள் பெயராகவே நிலைத்தமை கருதத்தக்கது. கொடுத்தவர் பலர், சூடிக் கொடுத்தவள் ஒருத்தி.

3. ஒரு மறுப்பும் ஒரு புறனடையும்

வழக்கமான நெறியை மீறியதால் இம்மாலை நினைவில் நிற்கிறது எனச் சிலர் கூறலாம். மீறல் வியப்பைத் தரும். வியப்பு ஒரு தலைமுறையில் அடங்கும். இம்மாலையோ ஆண்டுதோறும் செல்கிறது. புரட்டாசிப் பெருவிழாவின் கருட சேவைக்குத் திருமலைக்கும், சித்திரையிற் கள்ளழகர் வையையில் எழுந்தருளும் விழாவுக்கும் ஆண்டாள் சூடிய மாலை திருவில்லிபுத்தூரிலிருந்து அனுப்பப்படுகிறது. ஆடித் திருவிழாவிற்கு அரங்கத்திலிருந்து அவளுக்குப் பட்டு வருகிறது. மீறல் வழக்காறாகிவிட்டது. வியப்பு நீங்கிய பின்னும் நிலைப்பதற்கு வேறு காரணம் வேண்டும்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோசு 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆராய்ச்சி ஈண்டுத் துணைசெய்யும். நியூசிலாந்து மாவோரி மக்கள், கொடுத்த பொருளில் கொடுத்தவரின் உயிர்ப்பாற்றல் ஒட்டி நிற்கிறது என்று நம்புவதை அவர் எடுத்துக்காட்டினார். அவ்வாற்றலே கைம்மாற்றை வற்புறுத்துகிறது என்பது அவர் முடிபு. முற்பகுதி நமக்கு உடன்பாடே. பிற்பகுதியை அவ்வாறே கொள்ளுதல் இயலாது. மயில் பேகனுக்கு என்ன திருப்பித் தரும்? முல்லை பாரிக்கு என் செய்யும்? கைம்மாறு கருதாமையை ஒப்புரவுக்கு இலக்கணமாக வள்ளுவர் வைத்தனர். பொருளில் ஆள் ஒட்டி நிற்பது கடனை நினைப்பித்தற்கு அன்று. ஆளை நினைப்பித்தற்கே ஆகும்.

இவ்விதிக்குப் புறம்போல் தோன்றும் கொடை ஒன்றும் ஆண்டாளிடமே உண்டு. நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் திருமொழியில், திருமாலிருஞ்சோலை நம்பிக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்ததாகப் பாடுகிறாள். நேர்ந்தாளேயன்றிப் படைத்தாள் எனக் கூறவில்லை. பின்னாளில் இராமாநுசர் அவற்றைப் படைத்துத் திருவில்லிபுத்தூர் சென்றபோது, ஆண்டாள் அவரை 'அண்ணா' என அழைத்தாள் என்று வைணவ மரபு கூறும். இங்கே சூடிய பொருள் இல்லை. நூறு என்னும் எண் உண்டு. எனினும் மரபு போற்றுவது தடாக்களின் எண்ணிக்கையை அன்று. அண்ணன் தங்கை என்னும் உறவையே. அவளிடமிருந்து பிரியாத சொல் ஒன்று பல தலைமுறை காத்திருந்து, தமையனைத் தேடிக்கொண்டது. பொருளுக்குப் பதிலாகச் சொல்லில் ஆள் ஒட்டி நின்றமையால் இதுவும் விதியின் உள்ளேயே அடங்கும்.

4. மாலையும் மனையும்

இக்கொடையின் பெயர் தமிழெல்லையைக் கடந்ததும் கருதற்பாலது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருட்டிணதேவராயர், பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் பற்றித் தெலுங்கிற் பாடிய பெருங்காப்பியத்துக்கு 'ஆமுக்தமால்யதா' எனப் பெயரிட்டார். சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பதே அதன் பொருள். பேரரசர் ஒருவர், அரசர் கொடைகளை விடுத்து ஒரு மாலையைத் தம் நூற்பெயராகக் கொண்டார்.

தெலுங்கு வழங்கும் குடிகள் வாழும் இராசபாளையம் திருவில்லிபுத்தூருக்கு அண்மையது. 1949 முதல் 1952 வரை சென்னை மாநில முதலமைச்சராகவும், 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகவும் விளங்கிய பூ. ச. குமாரசாமி ராசா (1898–1957) அவ்வூரினர். அவர் தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். மாலையின் தெய்வ வரலாற்றோடு இதனை ஒப்பவைத்தல் நம் கருத்தன்று. கொடையின் இயல்பு ஒத்திருத்தலையே காட்டுகிறோம். புதுக் கட்டடம் ஒன்றுக்குப் பொருள் வழங்கியிருப்பின் அது நன்கொடைப் பட்டியலில் ஒரு வரியாக நின்றிருக்கும். வாழ்ந்த மனையைக் கொடுத்தமையால், மன்றத்துள் நுழைவோர் அவர் வாழ்வினுள்ளும் நுழைகின்றனர். சூடிக் கொடுத்தது மாலை எனின், வாழ்ந்து கொடுத்தது மனை எனலாம்.

ஆதலின், இலக்கியத்திற் கொடையை ஆராயும் மாணவர் எத்துணை கொடுக்கப்பட்டது என்று எண்ணுவதோடு அமையாது, கொடுக்குமுன் அப்பொருள் யாரை ஒட்டியிருந்தது என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினா செல்வத்தை அளக்கும். இரண்டாவதே பாட்டை விளக்கும். பூ ஒரு நாளில் வாடுவது. அங்ஙனமாயினும் நூறாயிரம் காணத்தினும் அது நெடிது நிலைத்தமைக்குக் காரணம், அதனைக் கொடுத்தவள் முன்பு சூடியிருந்தாள் என்பதே.