டெல்ஃப்ட்: பார்க்காமல் வைத்த பெயர்

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கத்து டீக்கடையில், அகதி முகாமிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் சொந்த ஊரைக் கேட்டேன். "நெடுந்தீவு தம்பி" என்றவர் பையிலிருந்த பழைய தாள் ஒன்றைக் காட்டினார். அதில் ஆங்கிலத்தில் 'டெல்ஃப்ட்' என்றிருந்தது. "கதைக்கேக்க நெடுந்தீவு, எழுதேக்க டெல்ஃப்ட்" என்று சிரித்தார்.

காலனியம் பெயர்களைத் திருடியது, மீட்போம் என்று நம்மிடம் புழங்கும் சொல்லாடல் இந்தச் சிரிப்புக்கு முன்னால் போதவில்லை. அந்நியர் வைத்த பெயர்களெல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. குற்றாலம் 'கோர்ட்டாலம்' ஆனதும் திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆனதும் காதுக் கோளாறு. உள்ளூர்க்காரன் வாய் அதில் எப்படியோ ஒட்டிக் கிடக்கிறது. கிரேக்கத்தின் கெர்க்கிரா தீவை உலகம் கோர்ஃபு என்கிறதே, அதுகூடச் சிகரங்களைக் குறித்த கிரேக்கச் சொல் இத்தாலியர் வாய்க்குள் புகுந்து வெளிவந்ததுதான். போர்த்துக்கீசர் நெடுந்தீவைப் 'பசுக்களின் தீவு' என்றார்கள். கொள்ளைக்காரன் பார்வைதான், ஆனாலும் பார்வை. டச்சுக்காரன் பார்க்கவே இல்லை. காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைக்கு லைடன், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று தன் நகரங்களை எடுத்து ஒட்டினான். டெல்ஃப்ட் என்ற சொல்லுக்கு வேர், வெட்டிய கால்வாய். பவளக்கல்லை அடுக்கி வேலி கட்டுகிற, நல்ல தண்ணீருக்குத் திண்டாடுகிற தீவின் தலையில் கால்வாய்! குறிப்பான் பாக்கு நீரிணையில், குறிப்பீடு ஹாலந்தில். 1796இல் டச்சு ஆட்சி முடிந்த பிறகும் இந்தப் பெயர் நிர்வாகத் தாள்களை விட்டுப் போகவில்லை.

நம் பக்கம் என்ன நடந்தது? 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் தமிழக அரசின் ஆணை 2020 ஜூனில் வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எங்கே எத்தனை 'ஹெச்' போடுவது என்பதிலேயே சண்டை ஓய்ந்தது. இருந்ததிலேயே சின்னக் காயத்துக்குத்தான் மருந்து தேடினோம் என்பேன். ஒரு பெயர் யார் கண்ணிலிருந்து பிறந்தது என்ற கேள்வி எழவே இல்லை. எழுந்திருந்தால் நமக்கும் சங்கடம்தான். எங்க ஊர்ப் பெயரில் பாதி, சத்திரத்தில் படுத்தெழுந்து போன வழிப்போக்கனுடையது; இங்கேயே குடியிருந்தவன் தன் ஊரைச் சத்திரமாகவா பார்த்திருப்பான்?

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லவில்லை. நெடுந்தீவுக்கு ஏன் அந்தப் பேர் என்று மட்டும் கேட்டேன்.

"வள்ளத்தில வரேக்க பாத்தா நீட்டுக்குக் கிடக்கும் தம்பி. உள்ளுக்க நிண்டா தெரியாது."