நாற்பது சதவீத மழையும் திரும்பாத முன்பணமும்

வெள்ளிக்கிழமை இரவு பேருந்து, சனிக்கிழமை பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஏதாவதொரு சரிவில் கூடாரம், திங்கள் காலை அலுவலகம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும் நகரத்து இளைஞர்களின் வாரயிறுதி முகாம் பெரும்பாலும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகிறது. தேதியை விடுமுறை முடிவுசெய்கிறது. இடத்தை யாரோ எடுத்த புகைப்படம் முடிவுசெய்கிறது. முன்பணமும் கட்டியபிறகு, வியாழக்கிழமை வாக்கில் கைப்பேசிச் செயலியைத் திறந்து வானிலை பார்க்கிறார்கள். மழை வந்து பயணம் கெட்டால் பழி செயலியின் தலையில் விழுகிறது. இது நியாயமான பழிதானா?

முதலில் செயலியின் பக்கம் பேசிவிடுவோம். வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும், தென்மேற்குப் பருவமழை திடீரென வலுப்பதும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த நிகழ்வுகள். அவற்றை இரண்டு மூன்று நாள் முன்னதாகக் கணிப்பதில் இன்றைய கணினி மாதிரிகள் நன்றாகத் தேறியிருக்கின்றன. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட தீவிரத்தின்போது எத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்று சொல்வது கடினம். இந்த வாரம் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்வது கடினமல்ல. வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் அந்த வேலையைச் செய்கின்றன. முன்பெல்லாம் வானொலிச் செய்திக்குக் காத்திருந்தவர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

சிக்கல், பெரிய மழையைவிடச் சின்ன மழையில்தான் அதிகம். ஏப்ரல், மே மாதங்களிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட நாட்களிலும் மலையில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. காலையில் பளிச்சென்ற வெயில், பிற்பகலில் மேகம் திரண்டு இடி. அந்த மேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். ஒரு மணி நேரம்போல் வாழ்ந்து கலைந்துவிடும். இந்திய வானிலைத் துறை 2025-இல் அறிமுகப்படுத்திய பாரத் முன்கணிப்பு அமைப்பு நிலப்பரப்பை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. அதற்கு முந்தையது 12 கிலோமீட்டர். கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். உயர வேறுபாடோ சுமார் 1,800 மீட்டர். அதாவது குளிரிலிருந்து புழுக்கம் வரையிலான முழு மலைச்சரிவும் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் கூடாரம் நிற்கும் ஓடைக்கரையை எந்த மாதிரியும் தனியாகப் பார்ப்பதில்லை.

அடுத்தது அந்தச் சதவீதம். ‘மழை வாய்ப்பு 40 சதவீதம்’ என்றால், இதே சூழல் பத்து முறை அமைந்தால் நான்கு முறை அங்கே மழை இருக்கும் என்று பொருள். தூறலா, 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டும் கனமழையா என்பதை அந்த எண் சொல்வதில்லை. அப்படியும் நாம் அதை ஆம், இல்லை என்று வாசிக்கிறோம்: ஐம்பதுக்குக் கீழே இருந்தால் கிளம்பு. மாவட்ட எச்சரிக்கையிலும் இதே கோளாறு வேறு வடிவில் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் நீலகிரிக்கு ஆரஞ்சு என்றால், கூடலூரில் ஊற்றும்போது கோத்தகிரி காய்ந்திருக்கலாம். இரண்டு முறை அப்படிக் காய்ந்த பக்கம் இருந்தவர் மூன்றாம் முறை எச்சரிக்கையை மதிப்பதில்லை.

கேட்கும் கேள்வியே தவறாக இருக்கும் இடங்களும் உண்டு. கும்பக்கரை அருவியில் வெள்ளம் வருவதற்குக் கும்பக்கரையில் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே கொடைக்கானல் மலையில் பெய்தால் போதும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மீது திடீர் வெள்ளம் பாய்ந்து சிறுவன் ஒருவன் இறந்தான். ஓடைக்கரையில் தங்குபவர் பார்க்க வேண்டியது நீர்ப்பிடிப்புப் பகுதியின் வானத்தை. மழையே இல்லாத நாளும் பாதுகாப்பான நாள் ஆகிவிடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ 23 உயிர்களைக் குடித்தது. மழைக் குறியை மட்டும் தேடும் கண்ணுக்குக் காய்ந்த புல்லும் வறண்ட காற்றும் கொண்ட மார்ச் மாதம் உகந்த காலமாகவே தெரியும்.

செயலியை நம்பாதவர்கள் உள்ளூர்க்காரரைக் கேட்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். எந்தப் பக்கக் காற்று மழையைக் கொண்டுவரும், எந்த ஓடை அரைமணியில் பொங்கும் என்பது எந்தத் திரையிலும் வராது. ஆனால் அந்த அறிவு அடுத்த சில மணி நேரத்துக்கானது. புதன்கிழமை தொலைபேசியில் கேட்டால் அவராலும் சனிக்கிழமையைச் சொல்ல இயலாது. மேலும், “மழையெல்லாம் வராது சார், தைரியமா வாங்க” என்பவர் கூடாரத்துக்கு வாடகை வாங்குபவராகவும் இருந்தால், அது வானிலை அறிக்கையா வியாபாரமா என்று பிரித்தறிவது நம் பொறுப்பு.

ஆகவே கணிப்பின் துல்லியம் எனக்கு இரண்டாம் பட்சமே. முதல் குறை, கணிப்பு மாறினால் நாமும் மாற இடமில்லாதபடி திட்டம் போடுவது. மலை வானிலையைப் பற்றிய தகவல் நேரம் நெருங்க நெருங்கத் தெளிவாகிறது. வானிலை மையத்தின் மூன்று மணி நேர உடனடிக் கணிப்பும், மின்னலை எச்சரிக்கும் ‘தாமினி’ செயலியும் கடைசி நேரத்தில்தான் உதவும். நம் முடிவுகளோ தலைகீழ் வரிசையில் நடக்கின்றன. தகவல் மங்கலாக இருக்கும்போது பணமும் விடுப்பும் கட்டிப்போடப்படுகின்றன. தகவல் தெளியும்போது முடிவை மாற்றும் சுதந்திரம் கையில் இல்லை. போதாக்குறைக்கு, மலையேறியதும் பல இடங்களில் சிக்னலும் போய்விடுகிறது. கட்டிய காசு வீணாகக்கூடாதே என்று இடி கேட்டபிறகும் நடப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

திட்டத்தின் வரிசையைத் திருப்பிப் போட்டால் இதே செயலி நல்ல கருவியாகிவிடும். பருவத்தை முதலில் தேர்ந்தெடுக்கலாம். மலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்களை மனதில் வைத்து, வெள்ளி காலை ஒன்றை உறுதிசெய்யலாம். கான்கிரீட் கட்டடமோ மூடிய வாகனமோ சில நிமிட நடையில் எட்டும் இடத்தில் மட்டும் தங்கலாம். மின்னலுக்குக் கூடாரத் துணி மறைவாகாது. இடி கேட்டால் உள்ளே போவது, கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வராதிருப்பது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடலாம். நனைந்துகொண்டு விவாதிக்க வேண்டாம்.

இதில் செலவு இருக்கிறது. கடைசி நேர ரத்து, மலையில் நான்கு கூடாரம் வைத்துப் பிழைப்பவரின் வருமானத்தைத் தின்னும். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பது அவருக்கு நியாயமாகாது. எச்சரிக்கை வந்தால் வேறு வாரத்துக்கு மாற்றித் தரும் ஏற்பாடு இருவருக்கும் கட்டுப்படியாகும். முன்பதிவு செய்யும்போது நெருப்பு மூட்டித் தருவீர்களா, பிரியாணி உண்டா என்று கேட்பவர்கள், மழை எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவீர்களா என்று கேட்பதில்லை. முகாமின் பாதுகாப்பு அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் தொடங்குகிறது.